ஒரு சொம்பு கேன் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

இன்று என் கணவர் மீன் தொட்டியில் கேன் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஒரு சொம்புதான். அதற்குள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து கேனைப் பிடுங்கிவிட்டேன்.

மஞ்சள் சிக்லிட் மீன் ஒரு வாரத்துக்கு மேலாகச் சாப்பிடவில்லை என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. உப்பளத்தில் பாத்தித் தண்ணீரை நாக்கில் வைத்தே பதம் சொல்கிற மனிதர். அதேபோல் தொட்டியிலும் விரலை விட்டு நக்கிப் பார்த்திருக்கிறார்.

"நம்ம போர் தண்ணி கரிக்குதுடி. இதுல கெடந்தா அது எப்படித் திங்கும்?"

"இந்த மீனுக்கு போர் தண்ணிதாங்க ஒத்துக்கும். அவ வாய்க்குள்ள முட்டைய வச்சிருக்கா. குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் சாப்பிட மாட்டா."

"வாய்க்குள்ளயா?" என்று அப்படியே நின்றுவிட்டார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்வது நான்தான்; மீன் விஷயத்தில் நான் சொல்வது தப்பாகாது. ஒரு சொம்புத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. ஆனால் தண்ணீர் விழுந்ததும் மிரண்டு கல்லுக்குப் பின்னால் ஓடினாளே, அந்தப் பயத்தில் முட்டைகளை விழுங்கியிருந்தால்... விழுங்கியிருக்க மாட்டாள்.

சாப்பிட்ட பிறகு போய்ப் பார்த்தேன். தாடை இன்னும் புடைப்பாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை லேசாக வாயைத் திறந்தாள். உள்ளே கறுப்பாகப் பொடிப்பொடிக் கண்கள்.

அவரிடம் சொன்னேன். போய் டிவி சத்தத்தை நிறுத்தினார். இப்போது சத்தமில்லாமல் கிரிக்கெட் பார்க்கிறார். யாரோ சிக்ஸர் அடித்தார்கள் போல. கை தட்டப் போனவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.