வாயைக் கட்டியும் வந்த வீக்கம்

மார்ச் 4
கடைக்கு நொண்டிக்கொண்டே போனேன். வலது முட்டி பந்துபோல் வீங்கிக் கிடக்கிறது. சவரத்துக்கு வந்த மீசைக்காரர், "நீ உக்காருப்பா, நான் உனக்கு வழிச்சு விடறேன்" என்றார். சிரித்தேன். சிரித்தாலும் வலித்தது.

மார்ச் 7
இன்று வலது மணிக்கட்டும். கத்தரிக்கோலை விரிக்க முடியவில்லை. பாதி வெட்டிய தலையோடு ஒருவரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவைத்தேன். இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

வீட்டில் என் மனைவி கையைப் பார்த்தாள்.

"போன வாரம் மக வீட்டுக்குப் போனப்ப கறி சாப்பிட்டீங்களா?"

"தொடக்கூட இல்ல."

"கவுட் மூட்டுவலிக்கு வாயக் கட்டணும்னு டாக்டர் சொன்னது என் காதுல மட்டும்தான் விழுந்துச்சா?"

எனக்காக அவளும் கறியை விட்டவள். அந்தக் கோபம் புரியாமலா? ஆனா நான் தொடலியே! சத்தியமா தொடல. யார்கிட்ட போய்ச் சொல்ல?

மார்ச் 8
அவள் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தனியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 10
ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தில் கவுட்டைக் கொண்டுவரும் யூரிக் ஆசிட் சரியான அளவில்தான் இருக்கிறதாம். "அப்புறம் ஏன் வீங்குது?" என்று அவள் டாக்டரம்மாவிடம் கேட்டாள், என்னைப் பார்த்துக்கொண்டே. டாக்டரம்மா முட்டியில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார். கலங்கலான மஞ்சள்.

மார்ச் 12
அந்த நீரைச் சோதித்ததில், என் முட்டிக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஊசிபோல் நீளமாக, கவுட்டின் பழைய படிகங்கள். கூடவே கட்டை குட்டையாக வேறொன்று — சுண்ணாம்புச் சத்துப் படிகமாம். மணிக்கட்டு எக்ஸ்ரேயிலும் அதன் வெள்ளைக் கோடு.

"ஒருத்தருக்கே ரெண்டும் வரலாம். கவுட்னு தெரிஞ்சுட்டா நாங்களே அடுத்தத தேடாம விட்டுடறதுண்டு" என்றார் டாக்டரம்மா.

"இது சாப்பாட்டால வர்றதா?" — அவள்.

"ரெண்டாவது அப்படி இல்லம்மா. பெரும்பாலும் வயசு, தேய்மானம். கரைக்க மருந்து கிடையாது, வீக்கத்த அடக்கலாம். பழைய மாத்திரையயும் நிறுத்தக் கூடாது."

கரைக்க மருந்து இல்லை என்று கேட்டும் எனக்கு நிம்மதி. பைத்தியமா நான்?

பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள்.

"விடு."

ஏப்ரல் 2
வீக்கம் வடிந்துவிட்டது. சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்தே வெட்டுகிறேன். ஒரு தலை முடிந்ததும் கைக்கு ஓய்வு.

மதியம் கடை காலியாக இருந்தபோது அவள் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் கடை நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள்.

"நுனி மட்டும். கை வலிச்சா நிறுத்திடுங்க."

நிறுத்தாமல் வெட்டினேன். ஒரு பக்கம் கோணல். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போதே அவள் காது சிவந்துவிட்டது.