முக்கால் கிலோ ட்ரோன்

வாலாஜாபேட்டை
8.3.2025, சனிக்கிழமை

அன்புள்ள அலீனா அப்பாவுக்கு,

ஷர்மிளா எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போன தடவை வேலூர் பஸ் ஸ்டாண்டில் அவளை உங்களிடம் விடும்போதே கேட்க நினைத்தேன். கேட்டால் பேச்சு வளரும், பத்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். போனில் என்றால் இரண்டாவது நிமிஷமே கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால்தான் இப்படி எழுதி, அவள் பையின் வெளி ஜிப்பில் வைத்து அனுப்புகிறேன்.

விஷயம் இரண்டு. முதல் விஷயம், பிறந்தநாளுக்கு ட்ரோன் வாங்கித் தருவதாக நீங்கள் பாட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமுவேல் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் வீடியோக்காரர் பறக்கவிட்டதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூட மொட்டைமாடிக்குப் போன பந்தெல்லாம் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று மேலிருந்து பார்க்கணுமாம்.

சரி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஆனால் நான் சொல்கிறபடி வாங்குங்கள். கம்பெனியில் என் லைனில் ஷூ தைக்கிற பில்கிஸின் தம்பி அஃப்ரோஸ் கல்யாண வீடியோ எடுக்கிற பையன். அவனிடம் கேட்டேன். குழந்தைக்கு முதல் ட்ரோன் என்றால் கையில் எடுத்தால் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருக்கணுமாம். கால் கிலோவுக்கு மேலே போனால் பதிவு, அது இது என்று பேஜார். இறக்கைகளைச் சுற்றிக் கூண்டு மாதிரி வளையம் கட்டாயம் வேண்டும். கையை எடுத்தாலும் அந்தரத்தில் அப்படியே நிற்கணும், ஒரு பட்டனில் இறங்கணும். கேமரா சுமாராக இருந்தால் போதும். அந்தப் பணத்துக்கு இன்னொரு பேட்டரியும் நாலு இறக்கையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னான். மூவாயிரத்துக்குள் முடியும் என்கிறான்.

இரண்டாவது விஷயம். செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் என்னை சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்கள். ஏப்ரல் பத்துக்குள் பதில் சொல்லணும். போனால், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவள் உங்களிடம் வருவது மாதத்துக்கு ஒன்றாகிவிடும். அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். நம் வீட்டு விஷயத்தை அடுத்தவர் வாயால் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஷர்மிளா


ஆம்பூர்
23.3.2025, ஞாயிறு காலை

அன்புள்ள ஷர்மிக்கு,

இருமல் போய்விட்டது. நீ கேட்டதிலேயே பாதி போய்விட்டது. கடிதத்தை லீவ் லெட்டர் மாதிரி முடிக்கிறாயே, பெயருக்கு முன்னால் ஒரு ‘அன்புடன்’ போட்டால் மை தீர்ந்துவிடுமா?

நேற்று அலீனாவைக் கூட்டிக்கொண்டு வேலூரில் நாலு கடை ஏறி இறங்கினேன். நீ சொன்ன மாதிரி லேசான ட்ரோனைக் காட்டினார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். டீக்கடை பேப்பர் கப் இதைவிடக் கனமாக இருக்கும். பதினெட்டு வருஷமாகத் தோல் தரம் பிரிக்கிறவன் நான். கையில் எடுத்ததும் கனம் இருந்தால்தான் சரக்கு. கனமில்லாத சரக்குக்கு என் கை காசு கொடுக்க மாட்டேன் என்கிறது.

கடைசிக் கடையில் ஒருத்தர் வைத்து ஓட்டியது ஒன்று இருந்தது. முக்கால் கிலோ. உடம்பெல்லாம் கெட்டி. அதே மூவாயிரத்துக்கு முடித்துவிட்டேன். வளையம் மட்டும் இல்லை, தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். உன் மகள் அதை மடியில் வைத்துக்கொண்டே ஆம்பூர் வரைக்கும் வந்தாள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டு அவளைச் சீண்டினார்.

இன்னும் தூங்குகிறாள். மதியம் சர்ச் மைதானத்தில் பறக்கவிடப் போகிறோம். மறந்துவிடுவேன் என்று இதை இப்போதே பையில் வைக்கிறேன்.

செய்யாறு பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அடுத்த தடவை எழுதுகிறேன்.

அன்புடன் (பார், எவ்வளவு சுலபம்),
இன்பராஜ்


வாலாஜாபேட்டை
27.3.2025

அலீனா அப்பாவுக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது.

ஞாயிறு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவள் கையில் கட்டைப் பார்த்து, “இன்னாடி இது?” என்று உங்கள் எதிரில்தான் கேட்டேன். “மைதானத்துல விழுந்துட்டேம்மா, ஜல்லி கீறிடுச்சு” என்றாள். நீங்கள் பஸ் போர்டைப் படித்துக்கொண்டு நின்றீர்கள்.

இரண்டு நாள் நம்பினேன். செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்து மருந்து போடும்போது பார்த்தால் உள்ளங்கையில் வரிசையாக மூன்று வெட்டு. ஜல்லி இப்படிக் கீறுமா? நான் ஒன்றும் திட்டவில்லை, சும்மா அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அழுதுவிட்டாள். “அப்பா அப்பிடிச் சொல்லச் சொல்லலம்மா. நானாத்தான் சொன்னேன். ட்ரோன்னு சொன்னா இனிமே நீ அனுப்ப மாட்டே.”

பத்து வயசு இன்னும் முழுசாக ஆகவில்லை, அதற்குள் அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. எதைச் சொன்னால் அம்மா அப்பாவை அண்டவிடமாட்டாள், எதை மறைக்கணும் என்று. யாரிடம் கற்றாள்?

கம்பெனி மூடி உங்களுக்கு வேலை போனபோது ஐந்து வாரம் தினமும் எட்டு மணிக்குக் கிளம்பிப் போனீர்கள். நான் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். நீங்கள் அதை ஆம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். ஜெபக்கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா, “உங்க வீட்டுக்காரருக்கு வேற எடத்துல கெடச்சுதா?” என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரியும். வேலை போனதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை, இன்பா. அது உங்களுக்கு இன்னும் புரியவில்லை.

ஆயிரம் தோலில் கத்திபட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிற மனுஷன், பெற்ற பிள்ளை கையில் மூன்று வெட்டு இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள்.

செய்யாறுக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஷர்மிளா


ஆம்பூர்
1.4.2025

ஷர்மி,

தேதியைப் பார்த்துவிட்டு விளையாட்டு என்று நினைக்காதே. இதில் எழுதியிருப்பதெல்லாம் நிஜம்.

நடந்தது இது. வளையம் இல்லாமலேயே பறக்கவிட்டேன். அது சாய்ந்துகொண்டு வந்தது. கீழே விழுந்து உடைந்துவிடுமோ என்று அவள் ஓடிப்போய்க் கையில் பிடித்தாள். அப்பா வாங்கிக் கொடுத்ததாயிற்றே என்று பிடித்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஊசியும் போட்டார்கள். அவள் பொய் சொல்வாள் என்று எனக்கு முன்னால் தெரியாது. ஆனால் சொன்ன பிறகு, அது பொய் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் இருந்தது. நான் போர்டைப் படித்தேன். எந்த ஊர் என்று இப்போது கேட்டால் தெரியாது.

நீ எழுதிக் கொடுத்தும் கேட்கவில்லை. தோலைப் பார்க்கிற கையால் ட்ரோனைப் பார்த்தேன். அது அத்தனை கனமாக இல்லாதிருந்தால் இவ்வளவு ஆழமாக வெட்டியிருக்காது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஐந்து வாரத்தைப் பற்றி நீ கேட்டபோதெல்லாம், நீ கஷ்டப்படக் கூடாது என்று மறைத்தேன் என்றேன். அது முழு உண்மை இல்லை. தினமும் காலையில் நீ வாசலில் நின்று, “பாத்துப் போங்க” என்பாய். வேலை இல்லாதவனிடம் அதை நீ சொல்வாயா என்று எனக்குப் பயம். வெறும் பயம்தான் ஷர்மி.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது இருக்கிற இடத்தில் நான் பெர்மனென்ட் என்று போன வருஷம் சொன்னேனே, அது பொய். கான்ட்ராக்ட்தான். லோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. இதை நீ கண்டுபிடித்திருக்கவே முடியாது. இதைச் சொல்லிவிட்டால் உனக்கு என்மேல் மிச்சமிருக்கிறதும் போகும் என்று தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

செய்யாறு போ. நல்ல வேலை, உனக்கு எப்போதோ கிடைத்திருக்கணும். மாதம் ஒரு ஞாயிறு என்றால் ஒரு ஞாயிறு. வரும் சனிக்கிழமை அவளை அனுப்பாவிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். கை ஆறுகிறதா என்று மட்டும் ஒரு வரி எழுது.

இன்பராஜ்


வாலாஜாபேட்டை
21.4.2025

அன்புள்ள அலீனா அப்பாவுக்கு,

கை ஆறிவிட்டது. நேற்று ஈஸ்டர் மதியம் பாலாற்று மணலில் நீங்களே பார்த்தீர்கள். இருந்தாலும் கேட்ட வரியை எழுதிவிடுகிறேன்.

அஃப்ரோஸை வைத்து நான் வாங்கிய ட்ரோன் ஒரு வாழைப்பழம்கூட எடை இல்லை. காற்றில் அது வேலிக்காத்தான் புதருக்குள் போனதும், செருப்புகூடப் போடாமல் நீங்கள் உள்ளே நுழைந்து, சட்டையெல்லாம் முள்ளோடு வெளியே வந்தீர்கள். நீங்கள் அங்கேயே நின்று, “எங்கேயும் கிழிக்கல, முதுகுல மட்டும் ரெண்டு முள் ஏறியிருக்கு, வலிக்குது” என்றீர்கள். அலீனா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பியது சிரிப்பை மறைக்க இல்லை. வலிக்கிறது என்று உங்கள் வாயால் நான் கேட்டதே இல்லை.

அங்கேயே சொல்ல வந்தேன், குழந்தை இருந்ததால் முடியவில்லை. உங்கள் ஏப்ரல் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கான்ட்ராக்ட் என்ற இடத்தில் முதலில் கோபம்தான் வந்தது, இவ்வளவு நாள் ஏமாந்தேனே என்று. மூன்றாவது தடவை படிக்கும்போதுதான், யாரும் கேட்காமலே நீங்கள் சொன்னது உறைத்தது. உங்கள்மேல் எனக்குப் பிரியம் போகவே இல்லை இன்பா. நம்பிக்கைதான் போயிருந்தது. அது முழுசாக வந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். வர ஆரம்பித்திருக்கிறது.

செய்யாறுக்குச் சரி சொல்லிவிட்டேன். ஜூன் முதல் தேதி போகிறோம். இரண்டு ரூம் வீடு, தண்ணீர்க் கஷ்டம் இல்லை. அங்கேயும் தோல் வருகிறது, தரம் பிரிக்க ஆள் வேண்டும். நான் யாரிடமும் உங்களுக்காகப் பேசமாட்டேன். நீங்களே வந்து கேளுங்கள்.

இன்று காலை அங்கே பள்ளிக்கூடத்தில் அலீனாவுக்கு விண்ணப்பம் எழுதினேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘தோல் தரம் பிரிப்பவர், கான்ட்ராக்ட்’ என்று உள்ளதை எழுதினேன். தாயின் முகவரியில் செய்யாறு வீட்டைப் போட்டேன், அதற்குக் கீழே தந்தையின் முகவரி என்று இருந்தது. ஆம்பூர் என்று எழுதப் பேனாவை வைத்தேன், வைத்தபடியே இருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமை இழந்து, “இன்னா மேடம் யோசிக்கிறீங்க? ஒரே வீடுன்னா மறுபடி எழுத வேணாம். மேற்படின்னு போடுங்க” என்றார்.

மேற்படி என்று போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மாற்றணும் என்றால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், பிறகு திருத்தித் தரமாட்டார்களாம்.

அன்புடன்,
ஷர்மி