கோழி என்று கேட்டது என் காது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் தம்பி, மருமகள், நாய், பேத்தி எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் பதில் எழுது. நாயை நடுவில் சேர்த்தது கை தவறி இல்லை, வேண்டுமென்றேதான்.

நீ போனில் பேசிய பேச்சுக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், நீதான் மூச்சுவிட இடம் தரவில்லையே. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி. தம்பியின் ஆபீஸ் நண்பர் வெளிநாடு போகிறார், வளர்த்ததை ஒப்படைக்க ஆள் தேடுகிறார் என்று தம்பி போன் பண்ணி, அம்மா ஒரு கோலி இருக்கு, கொண்டு வரட்டுமா என்று கேட்டான். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, என் காதில் கோழி என்று விழுந்தது. ஒரு கோழிதானே, தாராளமா கொண்டு வா, நான் பாத்துக்கிறேன் என்றேன். பின்பக்கம் கிடந்த மரப்பெட்டியைக் கழுவி வைக்கோல் பரப்பி ஒரு பிடி நொய்யும் எடுத்து வைத்தேன். சாயந்தரம் காரிலிருந்து இறங்கியது கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய், தரையைப் பெருக்குகிற மாதிரி முடி. ஆடு மேய்க்கிற இனமாம், அதற்குப் பெயர்தான் கோலியாம். பெட்டியை மோந்து பார்த்து ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. மருமகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து அதன் பெயர் கோழி. கூப்பிட்டால் வருகிறது.

காது தப்பாக் கேட்டுச் சொன்ன சம்மதம் செல்லாதும்மா, அஞ்சாங்கிளாஸோட நின்னவள்னு உன்னை ஏமாத்திட்டாங்க, திருப்பி அனுப்பு என்றாய். காதுதான் தப்பு, வாய் தப்பில்லை. பாத்துக்கிறேன் என்று சொன்ன பிறகு வந்தது கோழியானால் என்ன, குதிரையானால் என்ன.

நம் வீட்டுக்கு ஒத்து வராது என்று நீ அடுக்கியதையெல்லாம் நானும் யோசிக்காமல் இல்லை. முடி கொட்டும் என்றாய், கொட்டுகிறது, தலையணையில், சோபாவில், போன வாரம் என் சோற்றுத் தட்டிலும். தினமும் சீவணும் என்றாய், இடுப்புக்குக் கீழே தொங்கிய உன் தலைமுடியைச் சிக்கெடுத்தது யாராம், நீ தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுவாய், இது வாயைத் திறப்பதில்லை. ஓட விடணும் என்றாய், என் முட்டி ஓடாது, வாஸ்தவம்தான், ஆனால் டாக்டர் நட நட என்று தலைபாடாய் அடித்துக்கொண்டும் வாசலைத் தாண்டாத மருமகள் இப்போது காலையில் அதன் பின்னால் மூச்சிரைக்கப் போகிறாள். காலை முட்டித் தள்ளிடும் என்றாய், தள்ளத்தான் செய்தது, துவைக்கிற கல்லருகே சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன். மூக்கில் ஒரு தட்டுத் தட்டினேன், அப்புறம் என் காலுக்கு வருவதில்லை. மற்றவர்களை விடுவதில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டு நேரம் உனக்குத் தெரியும், தம்பி ஒரு அறையில் போனோடு, மருமகள் ஒரு அறையில் ஆபீஸ் வேலையோடு, பேத்தி மாடியில், நான் தொண்டை கட்டும்வரை கத்துவேன். இப்போது தட்டுச் சத்தம் கேட்டதும் கோழி போய் ஒவ்வொருவராக முட்டிக் கூட்டி வருகிறது, கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் குறுக்கே படுக்கிறது. அம்மா, நாங்க என்ன ஆடா என்று தம்பி கேட்டான், ஆடு சொன்ன பேச்சு கேக்கும்டா என்றேன்.

வெயிலுக்குத் தவிக்கிறது, அது ஒன்றுதான் எனக்கும் கவலை. முடியை ஒட்ட வெட்டிவிடலாமா என்று கால்நடை டாக்டரிடம் கேட்டேன், வெட்டாதீங்கம்மா, அதுக்கு அதுதான் குடை என்றார். குளியலறையில் ஈரச்சாக்கு போட்டு வைத்திருக்கிறேன், மதியம் முழுக்க அங்கேதான். இந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு ஒத்து வராது என்று நான் கல்யாணமாகி வந்தபோது உன் பாட்டி என்னையும்தான் சொன்னார், கடைசியில் நான் ஊட்டினால்தான் வாயைத் திறந்தார்.

எனக்குத் தெரியாமல் நீ ஏற்பாடு செய்த பண்ணைக்காரர் ஞாயிற்றுக்கிழமை கயிறோடு வந்து நின்றார். உனக்குப் பயந்து தம்பியும் சொல்லவில்லை. மனுஷர் தங்கமானவர்தான், டீ கொடுத்தேன். உங்ககிட்ட எத்தனை ஆடு இருக்கு என்று கேட்டேன். ஆடு ஏதும்மா, பண்ணை வாசல் கேட்டுல கட்டிப் போடத்தான் என்றார். நாய் இங்கேதான் இருக்கும், நான் வார்த்தை கொடுத்திருக்கேன் என்றேன். அவர் எழுந்தார், கோழி அவர் குதிகாலை முட்டி மறுபடி எங்களோடு உட்கார வைத்தது. ரெண்டாவது டீயும் குடித்துவிட்டுத்தான் போனார். கயிற்றை மறந்துவிட்டார், நல்ல கயிறு, மாடியில் கட்டி அதில்தான் துணி காயப் போடுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, உன்னை முட்டிக் கூட்டி வர அங்கே யாரும் இல்லை. வரும்போது பல் நீளமான சீப்பு ஒன்று வாங்கி வா, இங்கே கிடைப்பது சிக்கை இழுக்கிறது. ஒத்து வருமா வராதா என்று சாப்பாட்டு நேரத்தில் மாடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசு.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் உன் அம்மா