டார்லீன் காரின் இடது மட்கார்டு

ஃபிண்ட்லே, ஒஹையோ
ஆகஸ்ட் 21, 1997

அன்பு மகள் கோரினுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அம்மாவின் முட்டிவலி தேவலை, மக்காச்சோளம் வந்துவிட்டது, தினமும் வேகவைத்து வெண்ணெய் தடவித் தின்கிறோம். இதெல்லாம் அவளே போனில் சொல்லியிருப்பாள். நான்தான் சொல்லவேண்டும் என்று அவள் விட்டுவைத்த ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன், அதைப் பிறர் வாயால் நீ கேட்கக்கூடாது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லீன் ஹாஸ்கியை உனக்குத் தெரியும், அவள் பஸ்ஸில்தான் நீ பள்ளிக்கூடம் போனாய். செத்துப்போன அவள் அண்ணனின் அறுபத்தாறாம் வருஷத்து மஸ்டாங் காரை நாலு வருஷமாகத் தன் கையாலேயே தட்டி ஒட்டிப் பழையபடி நிறுத்தினாள். இடது முன் மட்கார்டு மட்டும் துருவேறிப் பொடிந்துவிட்டது, அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே அடித்த அசல்தான் வேண்டும் என்றாள். பழைய கார் உதிரிபாகக் கடை வைத்துக்கொண்டு, எனக்குக் கிடைக்காத தகடு உண்டா என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன் நான், ஒரு வருஷம் தேடியும் அகப்படவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையம்மா. இப்போது அதே அச்சில் புதிதாக அடித்து விற்கிறார்களே, அதில் ஒன்றை வரவழைத்து, உள்பக்கம் இருந்த புதுக் கம்பெனி முத்திரையைத் தேய்த்து எடுத்துவிட்டு, அசல் என்று கொடுத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, பழைய கார் கண்காட்சிப் போட்டியில் நடுவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்து, "முத்திரையைத் தேய்ச்சிருக்கே, எங்களை ஏமாத்தவா பார்த்தீங்க" என்று கேட்டார். அவள், "வெர்லின் குடுத்ததுங்க, இதோ நிக்கிறாரு, அவரையே கேளுங்க" என்றாள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான், "எத்தனையோ பேருக்குக் குடுக்கிறேன், இது எங்க வாங்கினதோ" என்று சொல்லிவிட்டேன். "பஸ் ஓட்டற அம்மா, ஊரையே ஓட்டப் பார்த்திருக்கு" என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது. காரைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் சொன்னேன். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை கார் சங்கத்தார் காபி குடிக்கும் கடைக்குப் போய், நடுவரும் டார்லீனும் இருக்கும்போதே எழுந்து நின்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் என்னிடம், "மூணு நாளா ஊரே என்னைத் திருடின்னு பார்த்துச்சு. அந்த மூணு நாளை எங்க தேடி எடுத்துக் குடுப்பே, வெர்லின்?" என்றாள்.

மறுநாள் அந்த மட்கார்டு கழற்றப்பட்டு என் கடை வாசலில் கிடந்தது. இப்போது இடது சக்கரம் வெளியே தெரிய அந்தக் காரை ஓட்டிப்போகிறாள், என் கடையைத் தாண்டும்போது மட்டும் வேகத்தைக் குறைக்கிறாள். நான் உள்ளே ஒளிவதில்லை, வெளியே வந்து நிற்கிறேன்.

தொழிற்பள்ளியில் உன்னிடம் வெல்டிங் படிக்கிறவர்களிடம், தகட்டைத் தட்டிப் பார்த்தே அசலா நகலா என்று சொல்வார் என் அப்பா என்று நீ சொல்வதாக மாப்பிள்ளை சொன்னார். இனிமேல் சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடு. கடவுள் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும். வெல்டிங் செய்யும்போது முகமூடியை மறக்காதே. திட்டியாவது நாலு வரி எழுது.

உன் அப்பா,
வெர்லின் ஸ்டக்கி