அம்மாவுக்குக் காலையில்தான் தூக்கம்

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறாள்.

அம்மாவுக்குக் கை முறிந்தபோது, எலும்பு மெலிந்துவிட்டதென்று வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்களே. "நான் சுடுற ரஸ்க்கே என் எலும்பைவிடக் கெட்டிடி"ன்னு சிரித்தாளே. இப்போது சிரிப்பதில்லை. நெஞ்சு எரிகிறதாம். தண்ணீர் குடித்தாலே முகம் சுளிக்கிறாள். உன்னிடம் சொன்னால் நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாயாம், சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னபடி காலையில், வெறும் வயிற்றில்தான் போடுகிறாள். பேக்கரியில் இரவு வேலை முடிந்து வந்ததும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்துவிடுவாள்.

உன் குட்டி

ஜூன் 14

என் செல்லக் குட்டி,

படுக்கக் கூடாதுடி! எலும்பு எப்போதும் ஒரு பக்கம் கரையும், ஒரு பக்கம் புதிதாக வளரும். கரைவதை அந்த மாத்திரை தடுக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும், ரத்தம்கூடக் கசியும். அதனால்தான் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்கச் சொல்வார்கள். இனி போட வேண்டாம். உடனே டாக்டரிடம் கூட்டிப் போ. இதற்கு ஊசி மருந்தும் இருக்கிறது. பயப்படாதே.

அக்கா

ஜூன் 22, இரவு

அக்கா,

நீ எழுதியதை டீச்சர் சொன்னதாக அம்மாவிடம் சொன்னேன். "எந்த டீச்சர்? உங்கக்காவா?" என்றாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நிறுத்தினா எலும்பு ஒடியும், போட்டா நெஞ்சு எரியுது. நான் என்னத்தடி பண்ண? லீவு போட்டா ஷிஃப்ட வேற ஒருத்திக்குக் குடுத்துடுவாங்க."

மாத்திரை அட்டையைப் பென்சில் டப்பாவில் ஒளித்தேன். நேற்றுக் காலை பார்த்தால் கையில் புது அட்டை. விழுங்கியே விட்டாள். "படுக்காதம்மா" என்று இழுத்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தபடியே தூங்கி என் மேல் சரிந்தாள். முதுகைக் கொடுத்துத் தாங்கிப் பார்த்தேன். முடியவில்லை, அக்கா. அவள் அவ்வளவு கனம்.

இன்று கிளம்பும்போது வாந்தி எடுத்தாள். காப்பித் தூள் மாதிரி, கறுப்பாக. போகாதே என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அந்த எடத்தத் தொடச்சு வை. கதவத் தாழ் போட்டுக்கோ" என்று போய்விட்டாள். போனும் அவளிடம்தான்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பேக்கரி மாஸ்டர் குரல். "பாப்பா, எந்திரிம்மா, கதவத் தொற."

சத்தியம் போகட்டும். அக்கா, நீ கிளம்பி