அப்பாவின் லைசென்ஸும் ஒரு எக்ஸ்ரேயும்

மோர்வெல்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜெம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மால்டாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போன மாதக் காற்றில் நம் கோவில் மண்டபத்துக் கூரை பிய்ந்துபோனது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதைக் கழற்ற அப்பாவை விட்டால் ஆளில்லை என்று பாதிரியார் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஆஸ்பெஸ்டாஸ் கழற்றும் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது ஃபாதர் என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும். "என்ன விஸ்தின், அதுக்குள்ள மறதி வந்துடுச்சா உமக்கு?" என்று அவர் சிரித்தார். மறதியாவது ஒன்றாவது. திரும்ப வாங்க வேண்டுமானால் பயிற்சி வகுப்போடு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கார்ம்னு சித்தப்பாவின் நுரையீரலை ஆஸ்பெஸ்டாஸ் தூசி அரித்திருந்தது எக்ஸ்ரேயில்தானே முதலில் தெரிந்தது, அதற்குப் பிறகு அவர் ஒரு கிறிஸ்துமஸ்கூடப் பார்க்கவில்லையே. அண்ணனும் தம்பியும் ஒரே மின்நிலையத்தில் ஒரே குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியவர்கள். அப்பாவுக்குப் பயம் ஜெம்மா, அதைக் கேட்க எனக்கும் பயம்.

அதற்கு அடுத்த வாரமே மண்டபக் கமிட்டியில் யாரோ மலிவாகக் கிடைத்த இரண்டு பேரைக் கூரையில் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் ஷீட்டைச் சுத்தியலால் உடைக்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அப்பா ஓடிப்போய்க் கத்தியிருக்கிறார். "உன்கிட்ட லைசென்ஸ் இருக்கா பெருசு? இல்லேல்ல, வந்த வழியப் பாத்துப் போ" என்றானாம் ஒருவன். பாதிரியார் வந்துதான் அவர்களை இறக்கினார். அப்பா வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், "பிலுமினா, ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போடு" என்றார்.

முடிவு வரும்வரை எங்களுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, மாதாவுக்கு நன்றி. வகுப்பையும் முடித்துவிட்டார், லைசென்ஸ் வந்துவிடும். முடிவைக் கேட்ட அன்று காரில் ஏறி உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். ஆனால் அதற்கு முன்னே, அவர் சட்டை மாட்டப் போயிருந்தபோது, டாக்டரம்மா என்னிடம், "அவரோட வேலைத் துணியெல்லாம் யாரும்மா துவைச்சது?" என்று கேட்டாள். நான்தான், தூசியை நன்றாக உதறிவிட்டுத்தான் ஊறப்போடுவேன் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை எனக்கு எக்ஸ்ரே. அப்பாவிடம் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மாதா உங்கள் மூவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக, குழந்தைக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சின்ன வயதில் அப்பா வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய் இடுப்பில் ஏறிக்கொண்டு அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். நீயும் அங்கே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடு கண்ணு. பதிலை என் பெயருக்கு மட்டும் போடு.

உன் அம்மா,
பிலுமினா