சூடு தெரியாத கை

1943 ஜூலை 6, செவ்வாய்

இந்த வருஷத்தை ஜப்பான்காரன் கணக்கில் 2603 என்று எழுத வேண்டுமாம். தோட்டத்து ஆபீசில் அப்படித்தான் எழுதுகிறார்கள். இது துரை பங்களாவின் பழைய சாமான் நோட்டு. துரை ஓடிப்போன பிறகு பின்பக்கமெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது. இதில் நான் 1943 என்றே எழுதிக்கொள்கிறேன்.

இன்றைக்கும் நாற்பது ரொட்டி. ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்கு மாவு, கொஞ்சம் சோள மாவு, பொங்கி வரக் கள். கோதுமை மாவில் ரொட்டி சுட்டுப் பழகிய கைக்கு இதை ரொட்டி என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் முகாமில் இருக்கும் ஜப்பான்காரர்கள் இதைத்தான் தின்கிறார்கள். அதனால்தான் நான் இன்னும் சுங்கை லாலாங் தோட்டத்தில் இருக்கிறேன். என்னோடு பங்களாவில் வேலை பார்த்த தோட்டக்காரரை மே மாதமே சயாம் ரயில் பாதை போடுகிற வேலைக்கு ஏற்றிவிட்டார்கள். ‘ரொட்டிக்காரன் இருக்கட்டும்’ என்று முகாம் தலைவன் சொன்னதாகக் கேள்வி.

ரொட்டி நிற்காதவரை இருப்பேன்.

ஜூலை 9, வெள்ளி

என் சம்சாரம் பாப்பம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு கிணற்றிலிருந்து வந்தாள். மற்றது பாதி வழியில் கிடந்தது. “செருப்பு கழண்டது கூடவா தெரியல?” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தாள்.

ஜூலை 14, புதன்

மனசு சரியில்லை. மகள் சிகப்பிக்கு நாலு வயது, ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை. விடியும் முன் முதல் அடுக்கை நான் சுட்டு எடுத்துவிடுகிறேன். ஏழு மணிக்கு நான் முகாம் குசினியில் சமைக்க நிற்க வேண்டும், திரும்ப மூன்று மணி ஆகும். இரண்டாம் அடுக்கு முழுக்கப் பாப்பம்மா பொறுப்பு. பிள்ளையையும் பார்த்துக்கொண்டு அடுப்பையும் பார்க்க வேண்டும்.

அடுப்பு நான் கட்டியதுதான். எண்ணெய்த் தோம்பை, அந்த இரும்புப் பீப்பாயைப் படுக்க வைத்து, சுற்றிலும் மண் பூசி, அடியில் தீ. மண் பூசின இடம் அவ்வளவாகச் சுடாது. கதவு மட்டும் வெறும் இரும்புத் தகடு. தண்ணீர் தெளித்தால் சீறுகிறது. அதைத் திறந்து வைத்தால் அடுப்பு இருக்கிற சாய்ப்பில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். பிள்ளை ஓடிவந்து ஒரு தரம் மோதினால் போதும்.

இன்று மூங்கில் வெட்டி, சாய்ப்பு வாசலில் இடுப்பு உயரத்துக்கு வேலி கட்டினேன். சிகப்பி அதைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, நான் ஆடா?” என்றாள்.

இனிமேல் பயம் இல்லை.

ஜூலை 22, வியாழன்

பாப்பம்மாவின் முழங்கைக்குக் கீழே பெரிய கொப்புளம். நீளமாக, கோடு கிழித்த மாதிரி. கதவின் ஓரம் பட்டது என்று பார்த்தாலே தெரிகிறது. எப்போது சுட்டது என்று கேட்டேன்.

“காலையில. அடுப்புல வேலை செஞ்சா சுடத்தான் செய்யும். இதுக்குப் போயி.”

கோபம் வந்துவிட்டது. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வேலை செய்கிறாய் என்று கத்தினேன். பிறகு கோணிச் சாக்கைக் கிழித்து, நனைத்துக் கதவைப் பிடி என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஜூலை 25, ஞாயிறு

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஈரச் சாக்கு சூடான இரும்பில் பட்டதும் ஆவி கிளம்பிப் பாப்பம்மாவின் விரல்களை அவித்துவிட்டது. வலது கையில் மூன்று விரல். குசினியில் இத்தனை வருஷம் இருந்தவன் நான். ஈரத் துணியால் சட்டியைப் பிடிக்காதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவசரத்தில் அதே தப்பை வீட்டில் செய்துவிட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் இருளப்பன் வாழை இலையை அவித்து ஆறவைத்துக் கட்டிவிட்டார். மருந்து என்று ஒன்றும் இல்லை அவரிடம். கட்டும்போது அவள் முகம் சுளிக்கவே இல்லை. “உங்க சம்சாரம் ரொம்பப் பொறுமைங்க, பக்கிரிசாமி” என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஜூலை 30, வெள்ளி

எழுதினால்தான் நிதானத்துக்கு வருவேன்.

முகாமிலிருந்து வந்து சிகப்பியை மடியில் வைத்திருந்தேன். “அப்பா, அம்மா சுடுற கதவுமேல கைய வச்சிக்கிட்டே என்கிட்ட கதை சொன்னாங்க” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். “அப்புறம் வாடை அடிச்சிச்சி. அப்புறந்தான் அம்மா கைய எடுத்தாங்க.”

வாடை அடிச்சிச்சாம்.

பாப்பம்மாவைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னேன். இடது உள்ளங்கை வெளுத்துக் கிடந்தது. கண்ணை மூடச் சொன்னேன். “முள்ளால குத்துறேன், எந்த விரல்னு சொல்லு.”

“சரி, குத்துங்க” என்றாள்.

அதற்குள் நான் இரண்டு முறை குத்திவிட்டிருந்தேன்.

எத்தனை நாளா புள்ள? எத்தனை நாளா இப்படி? கேட்டேன். கேட்டேன். கடைசியில், “வைகாசியிலேயே கால்ல ஆரம்பிச்சிருச்சுங்க. சொன்னா நீங்க என்னை அடுப்பண்ட விடமாட்டீங்க. ரொட்டி குறையும். குறைஞ்சா உங்க பேரைச் சயாம் லிஸ்டுல எழுதிருவாங்க.”

அன்றைக்குச் செருப்புக்குச் சிரித்தேனே.

ஜூலை 31, சனி

இருளப்பன் வந்து முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினார், விழுந்த குழி அப்படியே நின்றது. பெரிபெரி என்றார். வெறும் ஊபியைத் தின்று தின்று, தோட்டத்தில் பாதிப் பேருக்கு இதன் தொடக்கம் இருக்கிறதாம்.

“தவிடு கிடைச்சாக் குடுங்க. பாசிப்பயறு, முருங்கைக்கீரை. ஊசி மருந்து முன்ன வரும், இப்ப எங்க? உணர்ச்சி திரும்பலாம், நாளாகும். அது வரைக்கும் தீ பக்கம் போகக் கூடாது.”

தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு பாப்பம்மா மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

முகாமில் வாய் திறந்து பார்த்தேன். சம்சாரத்துக்கு உடம்பு முடியவில்லை, இரண்டாம் அடுக்கை நிறுத்திக்கொள்ளலாமா என்று மலாயில் கேட்டேன். தலைவன் என்னைப் பார்க்கவேயில்லை. நாற்பது என்று விரலால் மேசையில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

நாற்பதையும் முதல் அடுக்கிலேயே முடிக்க அடுப்பு கொள்ளாது. இன்னொரு அடுப்புக்குத் தோம்பு இல்லை. எந்த வழியில் யோசித்தாலும் கடைசியில் அவளும் அந்தக் கதவும்தான் எதிரெதிரே நிற்கிறார்கள்.

ஆகவே கதவைத்தான் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 5, வியாழன்

பக்கத்து வீட்டுச் சின்னையா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், தச்சு வேலையும் கொஞ்சம் தெரியும். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வந்து அடுப்பு முன்னால் குந்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“கதவுமேலேயே எதையாச்சும் ஒட்டுனா அதுவும் சேர்ந்து சுடும், தம்பி. நடுவுல காத்து இருக்கணும்.”

ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்துகிற கொட்டகையில் பழைய மரச் சட்டங்கள் கிடந்தன. அவற்றை அறுத்து ஒரு தட்டி செய்தோம். கதவுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி நிற்கிறது. வெளிப்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்புதான். கதவு திறக்கும்போது கூடவே திரும்புகிற மாதிரி அதிலேயே மாட்டிவிட்டார். திறக்க ஆளுயரக் கம்பு, நுனியில் கொக்கி. கை இரும்பைத் தொடவே தேவையில்லை. ரொட்டித் தட்டை இழுக்கவும் அதே கம்புதான்.

அவள் நிற்கிற இடத்துக்கும் அடுப்புக்கும் நடுவே, இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு மரம். தடுமாறினால் அதில்தான் விழுவாள்.

ஆகஸ்ட் 7, சனி

பாப்பம்மாவுக்குப் பழக்கிக் கொடுத்தேன். எதைத் தொடுவதற்கு முன்னும் தண்ணீர் தெளிக்க வேண்டும். சீறினால் தொடக் கூடாது. கையை நம்பாதே, காதை நம்பு, கண்ணை நம்பு. பத்து தரம் சொன்னேன்.

“சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க.”

“சின்னப் புள்ளைக்குச் சுட்டாத் தெரியும்” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 12, வியாழன்

சயாம் லிஸ்டு வந்துவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து மூன்று பேர். என் பேர் இல்லை.

சின்னையா பேர் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, சனி

லாரி போய்விட்டது. விடிகாலையில் அவருக்கு ஆறு ரொட்டி கட்டிக் கொடுத்தேன். வேறென்ன கொடுப்பது? வாங்கிக்கொண்டு, “அந்தக் குறுக்கு மரத்துல ஒரு ஆணி சரியா இறங்கல. பார்த்துக்க” என்றார். அவருடைய சம்சாரம் காளியம்மா அழாமல் நின்றாள். நான்தான் அழுதேன்.

ஆணியை அடித்து இறக்கினேன்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

முகாமில் மறுபடி கேட்டேன். நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை, ஆள்தான் கேட்டேன். ரொட்டி வேலைக்கு இன்னொருத்தி வேண்டும், இல்லாவிட்டால் குறையும் என்று. இந்த முறை தலையசைத்தான். காளியம்மாவின் பேரை ரொட்டி ஆள் என்று எழுதிக்கொண்டார்கள். அவளை வேறு எங்கும் வேலைக்கு இழுக்க மாட்டார்கள்.

இனி இரண்டாம் அடுக்கின்போது பாப்பம்மா தனியாக இல்லை.

செப்டம்பர் 2, வியாழன்

தவிடு கிடைத்தது. பீடோங் ஊருக்குப் போகிற வழியில், மலாய்க் கிராமமான கம்பத்தில் மக் சோம் என்று ஒரு மலாய்க்கார அம்மாள், வீட்டிலேயே நெல் குத்துகிறாள். கோழிக்குப் போடுகிற தவிடு. சம்சாரத்தின் சீக்குக்கு என்று சொன்னதும் ஒரு பானை நிறையத் தந்தாள். “மூன்று நாளைக்கு ஒருமுறை வா, பழசானால் கசந்துபோகும்” என்றாள்.

ஊபி மாவோடு தவிட்டைப் பிசைந்து, எங்களுக்கென்று தனியாகச் சிறு ரொட்டி சுடுகிறேன். சிகப்பி துப்பிவிட்டாள். பாப்பம்மா மென்று விழுங்குகிறாள். காளியம்மாவுக்கும் ஒன்று.

செப்டம்பர் 29, புதன்

கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. கையில் மாற்றம் இல்லை. தினமும் சாயங்காலம் முள்ளை எடுக்கிறேன். தினமும், “குத்திட்டீங்களா?” என்று கேட்கிறாள்.

அக்டோபர் 20, புதன்

நாங்கள் இருக்கும் கெடா மாநிலத்தை ஜப்பான்காரர்கள் சயாமுக்கே கொடுத்துவிட்டார்களாம். தபால் ஆபீசில் கொடி மாறியிருக்கிறது. முகாமில் அதே தலைவன், அதே நாற்பது.

முள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “நீங்க குத்துறதுக்கு முன்னாடியே உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு வலிக்குது.”

நவம்பர் 8, திங்கள்

முகாமில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது லயத்துப் பக்கமிருந்து ஓர் ஆள் வந்து, உங்கள் வீட்டில் ஏதோ சத்தம் என்றான். அனுமதி கேட்கவில்லை. ஓடினேன். இரண்டு மைல். வழியெல்லாம் அந்த வாடைதான் மூக்கில்.

பாப்பம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். காளியம்மா விசிறிக்கொண்டிருந்தாள்.

“கதவைத் தொறந்து வச்சிட்டுத் திரும்புனாங்கண்ணே. கால் மடங்கிருச்சி. நேரா அடுப்பைப் பார்த்து விழுந்தாங்க. நான் மாவுக் கையோட எந்திரிக்கிறதுக்குள்ள...”

குறுக்கு மரத்தில் விழுந்திருக்கிறாள். விலா எலும்புக்கு மேல் கன்றிப்போய் ஒரு பட்டை. சுட்ட காயம் ஒன்றுகூட இல்லை. நானே கை, கால், முதுகு, முகம் எல்லாம் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

“ஒண்ணுமில்லைங்க” என்றாள். அவள் சொல்லி நான் எப்படி நம்புவது?

காளியம்மா போய் அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். “அசையவே இல்லண்ணே” என்றாள். சின்னையாவிடமிருந்து இதுவரை ஒரு சேதியும் இல்லை.

நவம்பர் 9, செவ்வாய்

சொல்லாமல் போனதற்கு முகாமில் இரண்டு அறை. காது இன்னும் இரைகிறது. லிஸ்டில் பேர் எழுதவில்லை. அது போதும்.

டிசம்பர் 17, வெள்ளி

பாப்பம்மா கிணற்றுக்குப் போய் வருகிறாள், தடுமாறாமல். இரண்டு செருப்போடும்.

லயத்தில் இன்னும் நாலு வீட்டில் ஊபி ரொட்டி சுடுகிறார்கள். இருளப்பன் அவர்களை அழைத்துவந்து எங்கள் தட்டியையும் கம்பையும் காட்டினார். அவர்களில் இரண்டு பேருக்குக் கால் மரத்திருக்கிறது. சாண் அளந்து கொடுத்தேன். மக் சோமின் வீட்டு வழியும் சொன்னேன்.

1944 ஜனவரி 23, ஞாயிறு

முகாமில் பாதிப் பேர் அலோர் ஸ்டார் டவுனுக்குப் போயிருக்கிறார்கள். இன்று எனக்கு வேலை இல்லை. முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். பாப்பம்மா ஆறவைத்த ரொட்டிகளைக் கூடையில் அடுக்கினாள். கடைசி வரிசை காளியம்மா அப்போதுதான் எடுத்து வைத்தது, அது அவளுக்குத் தெரியவில்லை.

“சீ, சனியன்” என்று ஒரு சத்தம்.

கோடரியைப் போட்டுவிட்டுப் போனேன். வலது கை விரல்களை உதறிக்கொண்டு நின்றாள். பிறகு உதறுவதை நிறுத்திவிட்டுத் தன் விரல்களையே பார்த்தாள்.

“என்ன புள்ள?”

“சுட்டுருச்சுங்க.”

“சுடுதா?”

“ஆமாங்க. சுடுது. நல்லா சுடுது.”

அவள் கையைப் பானைத் தண்ணீருக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அப்படியே குந்தியிருந்தோம். சிகப்பி வந்து, அம்மா ஏன் அழுகிறாள் என்று கேட்டாள். வலிக்கிறது என்றேன். அவள் தண்ணீரைப் பார்த்து ஊதினாள்.

ரொட்டி மண்ணில் கிடந்தது. கோழிகள் வந்து கொத்துகிறவரை யாரும் அதை எடுக்கவில்லை.